அஜமி எழுத்தும் ஹவுசாப் பெண்களும்: நானா அஸ்மாவு முதல் பலாரபா வரை

ஆப்பிரிக்க இலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1962-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டு உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று கூடிற்று. ஆங்கிலத்தில் எழுதுவோரே அதற்கு அழைக்கப்பட்டனர். அடிமைப்படுத்தியவனின் மொழியில் எழுதுவது முறையா என்னும் வினா அதனையொட்டி எழுந்து பல்லாண்டுகள் நீடித்தது. ஆங்கிலத்தை நம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம் என்றார் நைஜீரியாவின் சினுவா அச்சிபி. தாய்மொழிக்கே திரும்ப வேண்டும் என்றார் கென்யாவின் கூகி வா தியாங்கோ. 2025-இல் மறைந்த அவர், தாம் சொன்னபடியே கிக்குயு மொழியில் நாவல்கள் எழுதியும் காட்டினார்.

இவ்விவாதத்தில் ஒரு பெரும் பகுதி விடுபட்டுப் போனதை நாம் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் வந்து சேருமுன்பே ஆப்பிரிக்க முஸ்லிம்கள் தம் தாய்மொழிகளை அரபு எழுத்தில் எழுதி வந்தனர். பெண்களும் எழுதினர். நைஜீரியாவின் வடபுலத்தில் வாழும் ஹவுசா மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சொகோட்டோவின் ஆலிமா

ஹவுசா, ஃபுல்ஃபுல்தே முதலிய மொழிகளை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு 'அஜமி' என்று பெயர். அரபியரல்லாதாரைக் குறிக்கும் 'அஜம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. நம் முன்னோர் வளர்த்த அரபுத்தமிழ் இதற்கு உடன்பிறப்பு எனலாம். குர்ஆன் ஓதக் கற்ற கை தன் வீட்டுமொழியையும் அதே எழுத்தில் எழுதத் துணிந்த வரலாறு இரு நிலங்களுக்கும் பொதுவானது.

1804-இல் தொடங்கிய சீர்திருத்தப் போராட்டத்தின் வாயிலாகச் சொகோட்டோ கிலாஃபத்தை நிறுவியவர் ஷைகு உஸ்மான் தான் ஃபோதியோ (ரஹ்). தம் காலத்து ஆலிம்களில் பலர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுத் தம் மனைவியரையும் மகள்களையும் அறியாமையில் விட்டுவைப்பதை அவர் வன்மையாகக் கண்டித்தார். உடைந்ததும் எறியப்படும் பாண்டங்களைப் போல் பெண்களை நடத்துகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

அவருடைய மகளே நானா அஸ்மாவு (1793–1864). அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுசா ஆகிய மொழிகளில் அவர் கவிதைகள் இயற்றினார். அறிஞர்க்கு அரபு, தம் குலத்தார்க்கு ஃபுல்ஃபுல்தே, பொதுமக்களுக்கு ஹவுசா என்று கேட்போரை அறிந்து மொழியைத் தேர்ந்தார். கிராமத்துப் பெண்களுக்குக் கல்வி புகட்ட 'யன் தாரு' என்னும் பெண் ஆசிரியர் அமைப்பை ஏற்படுத்தினார். அதன் தலைவியர் 'ஜாஜி' எனப்பட்டனர். தனி அடையாளமாகப் பனையோலைத் தொப்பி அணிந்து அவர்கள் ஊரூராகச் சென்றனர். தொழுகை, தூய்மை, நபிவரலாறு அனைத்தும் மனப்பாடச் செய்யுள்களாக வீட்டு முற்றங்களை அடைந்தன. பெண் எழுதுவது மேற்கிலிருந்து இறக்குமதியான வழக்கம் என்போர் இவ்வரலாற்றை அறியாதவர்கள்.

எழுத்து மாறிய கதை

1903-இல் கானோவும் சொகோட்டோவும் ஆங்கிலேயர் வசமாயின. புதிய ஆட்சி ஹவுசா மொழியைக் கைவிடவில்லை. அதன் எழுத்தை மாற்றியது. இலத்தீன் எழுத்தில் அமைந்த ஹவுசாவுக்கும் அதனோடு வந்த மேலைக்கல்விக்கும் 'போக்கோ' என்று பெயர் வழங்கிற்று. இச்சொல் ஆங்கிலத்தில் நூலைக் குறிக்கும் சொல்லின் திரிபு என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. போலி, ஏமாற்று என்னும் பொருளுடைய பழைய ஹவுசாச் சொல்லே அது என்று மொழியியலறிஞர் பால் நியூமன் 2013-இல் எடுத்துக்காட்டினார். புதிய கல்வியை மக்கள் எவ்வளவு ஐயத்தோடு நோக்கினர் என்பதற்கு இச்சொல் ஒன்றே போதும். அஜமியில் படிக்கவும் எழுதவும் வல்லவர்கள் ஒரே தலைமுறையில் கல்லாதவர் வரிசையில் நிறுத்தப்பட்டனர். இவ்விழப்பு பின்னரும் தொடர்ந்தது: 2007-இல் வெளியான சிறு மதிப்பு நைரா நோட்டுகளிலிருந்து அஜமி வரி நீக்கப்பட்டது.

ஹவுசா நாவல் பிறந்ததும் காலனி அலுவலகம் ஒன்றின் முயற்சியால்தான். 1933-இல் ரூபர்ட் ஈஸ்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி கதைப்போட்டி ஒன்றை நடத்தினார். அதன் வழி வெளிவந்தவற்றுள் ஒன்று 'ஷைகு உமர்'. எழுதிய அபூபக்கர் தஃபாவா பலேவா பின்னாளில் நைஜீரியாவின் முதல் பிரதமரானார். அடிமையாக விற்கப்பட்ட சிறுவன் எகிப்தில் வளர்ந்து ஆலிமாகிறான். அவனைத் தேடி அவன் தாய் பாலைவனம் கடக்கிறாள். மகனைக் கண்டபின் மறைகிறாள். கதையின் உயிர்நாடி அத்தாய்தான். ஆயினும் சொல்பவர் ஆண். அப்போட்டியில் வென்றோர் அனைவரும் ஆண்களே. நானா அஸ்மாவுவின் மண்ணில் பெண்ணின் எழுதுகோல் புதிய எழுத்தோடு வந்த புதிய இலக்கியத்தில் இடம்பெறாமல் போனது எண்ணிப்பார்க்கத் தக்கது.

கானோ சந்தையில் பெண் குரல்

அரைநூற்றாண்டுக்குப் பின்னரே நிலை மாறிற்று. ஹஃப்சத் அப்துல்வாஹிதின் நாவல் 1980-இல் வெளிவந்தது. 1976-இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் படிக்கத் தெரிந்த பெண்களின் தலைமுறை ஒன்றை உருவாக்கியிருந்தது. எண்பதுகளில் பொருளாதாரம் சரிந்து பெரிய பதிப்பகங்கள் தளர்ந்தபோது எழுத்தாளர்கள் தாமே அச்சிட்டுச் சந்தையில் விற்றனர். மலிவான தாளில், சிறு சிறு பாகங்களாக வந்த இவற்றை 'லித்தாத்தஃபன் சொயய்யா', அதாவது காதல் நூல்கள் என்றனர். மக்கரேரேயில் வாதிடப்பட்ட மொழிச்சிக்கல் இப்பெண்களை ஒருபோதும் வருத்தவில்லை. தம் அண்டைவீட்டாருக்கு எழுதினர். ஆகவே ஹவுசாவில் எழுதினர்.

இவர்களுள் முதன்மையானவர் பலாரபா ரமத் யாகூபு. நாட்டின் தலைவராயிருந்து 1976-இல் கொல்லப்பட்ட ஜெனரல் முர்தலா முஹம்மதின் சகோதரி. சிறு வயதிலேயே மூத்த ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டுத் திரும்பி வந்தவர். பின்னர் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்தறிந்தவர். 'ஜாஹிலாவை யார் மணப்பார்?' என்று பொருள்படும் அவருடைய நாவல், கல்லாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண் கற்று உயரும் கதை.

அவருடைய 'அல்ஹகி குய்குயோ நெ' 1990-இல் வெளிவந்தது. வணிகர் ஒருவர் தீய நடத்தையுடைய பெண்ணை மணந்துகொண்டு, முதல் மனைவியையும் ஒன்பது பிள்ளைகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். அவள் உணவு சமைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். காலம் திரும்புகிறது, அவர் கடை தீக்கிரையாகிறது. இறுதியில் உற்றாரின் வற்புறுத்தலால் அவள் அதே கணவரிடம் திரும்ப நேர்கிறது. அலியு கமாலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்நாவலை 2012-இல் வெளியிட்டது நம் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஹக்கு என்னும் சொல்

அரபு மொழி கற்பிக்கும் நமக்கு இந்நாவலின் தலைப்பே ஒரு பாடம். 'அல்ஹகி' என்பது அரபியின் 'அல்-ஹக்' தான். உரிமை என்னும் பொருளில் புறப்பட்ட சொல், பிறர் உரிமையைப் பறித்தவன் மேல் சுமக்கும் பழி என்னும் பொருளை ஹவுசாவில் பெற்றுவிட்டது. அப்பழி நாய்க்குட்டி போன்றது, செய்தவனையே பின்தொடரும் என்பது தலைப்பின் கருத்து. அடியாரின் ஹக்கை அவர்கள் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று நம் வீட்டு மூதாட்டியர் எச்சரிப்பதும் இதுவேயன்றோ?

மனைவிக்கு நஃபகா அளிப்பது கணவன் மீது கடமை. ஹவுசா மக்கள் பின்பற்றும் மாலிகி மத்ஹபில், நஃபகா மறுக்கப்பட்டவளும் கணவனால் தீங்குற்றவளும் காழியிடம் மணவிலக்குக் கோர வழியுண்டு. இந்தியாவில் 1939-இல் இயற்றப்பட்ட முஸ்லிம் மணமுறிவுச் சட்டத்திற்கு அந்த மாலிகி ஃபிக்ஹே துணைநின்றது. ஆகவே நாவலில் அப்பெண்ணை வருத்துவது ஷரீஅத் அன்று. ஷரீஅத் தந்த உரிமையைப் பயன்படுத்த விடாத ஊரும் உறவுமே.

தீயும் தீர்ப்பும்

2007-இல் கானோ மாநில ஆளுநரின் தலைமையில் ஒரு பெண்கள் பள்ளியில் இத்தகைய நூல்கள் எரிக்கப்பட்டன. இளம்பெண்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றன என்பது காரணமாகக் கூறப்பட்டது. இந்நூல்களில் தரமற்றவையும் வரம்பு மீறியவையும் இல்லையென்று நாம் வாதிடவில்லை. அவற்றைக் கண்டிப்பது ஆலிம்களின் உரிமை, கடமையுங்கூட. ஆனால் கண்டிப்பதற்கு முன் படித்திருக்க வேண்டும். உணவு மறுக்கப்பட்ட மனைவியின் முறையீட்டைக் காதல் கதையென்று தள்ளிவிட்டால், அம்முறையீட்டைக் கேட்க வேண்டிய கடமை நம் மீதிருந்து நீங்கிவிடுமா?

தான் ஃபோதியோ கண்டித்த ஆலிம்கள் பெண்களுக்குக் கற்பிக்காதவர்கள். இன்று பெண்கள் கற்றுவிட்டார்கள், எழுதவும் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதைக் கேட்பதும் அவர்களுக்குரிய ஹக்குகளுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.