பழைய காயமா, புதிய நோயா? டயக்னோசிஸ் காட்டில் உள்ள ஒரு வரி

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் டயக்னோசிஸ் காட்டில் நோயின் பெயர் ஒரு வரியில் இருக்கும். பதிவேட்டுப் பிரிவில் அதை ஐசிடி 10 எனப்படும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகைப்பாட்டின்படி குறியீடாக மாற்றுவார்கள். நானும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். குறியீடு இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை; எழுதியிருப்பதை மட்டுமே பார்க்கிறார்.

மோட்டார் நியூரோன் நோயில் இதன் விளைவு பெரிது. தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதால் கை, கால்கள் மெலிந்து பலமிழக்கும். பின்னர் பேச்சு, விழுங்குதல், சுவாசம் என்பனவும் பாதிக்கப்படும். ஏஎல்எஸ் இதன் முக்கிய வகை.

இந்நோய்க்கு ஐசிடி 10 இல் உள்ள குறியீடு ஜி 12.2. 'தசை மெலிவு' என்று மட்டும் எழுதினால் அது எம் 62.5 ஆகிவிடும். அது ஓர் அறிகுறி, நோயின் பெயரல்ல.

எங்கள் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடலில் எறிகணைச் சிதறலோடு வாழும் ஒருவருக்குக் கை மெலிந்தால், எல்லோரும் முதலில் பழைய காயத்தையே நினைப்பார்கள். கை நரம்புக் காயத்தின் பின்விளைவுக்கு டி 92.4. அது போரினால் வந்தது என்பதைக் காட்ட வை 89.1 சேர்க்கப்படும். உண்மையில் காயம்தான் காரணமென்றால் இது சரி. ஆனால் ஒற்றை நரம்புக் காயத்தின் பலவீனம் அந்த நரம்பின் எல்லைக்குள் நிற்கும். அங்கே விறைப்பும் இருப்பது வழமை. மோட்டார் நியூரோன் நோய் மற்றக் கைக்கும் காலுக்கும் பரவும்; தசை துடிக்கும்; தொடுகை உணர்வு பெரும்பாலும் குறையாது. நரம்பியல் வைத்தியரின் பரிசோதனையும் நரம்பு, தசை மின்பரிசோதனைகளும் இங்கு அவசியம். சிகிச்சைக்குக் கட்டுப்படும் சில நரம்பு நோய்களும் இதேபோல் தோன்றும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

இறப்பிலும் இதே கதைதான். கடைசியில் வந்த நியூமோனியாவை மட்டும் எழுதினால் மரணம் ஜே 18.9 என்று பதிவாகும். அடிப்படைக் காரணமான நோய் கணக்கிலேயே வராது. கணக்கில் வராத நோய்க்குச் சுவாசக் கருவியோ பராமரிப்பு வசதியோ கேட்பது கடினம்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி 11 இல் ஏஎல்எஸ்ஸுக்கு 8பி 60.0 என்ற தனிக் குறியீடு உண்டு. ஆனால் வைத்தியர் முழுப் பெயரை எழுதினால்தான் அதற்கும் பயன்.

ஆகவே, காட்டைக் கையில் வாங்கியதும் நோயின் முழுப் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். இடப்பெயர்வில் பழைய காட்டுகளைத் தொலைத்தவர்கள், காயம் பட்ட ஆண்டையும் பலவீனம் தொடங்கிய ஆண்டையும் ஒரு தாளில் தனித்தனியே எழுதி ஒவ்வொரு கிளினிக்கிலும் காட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் பல வருடங்கள் இருந்தால், அதை வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.