பிஎம்டபிள்யூ ஐ3

ஜெர்மனியின் லைப்ஸிக் ஆலையில் 2013 முதல் 2022 வரை தயாரான மின்சாரக் கார். பயணிகள் அமரும் கூடு கார்பன் இழைப் பிளாஸ்டிக்கால் ஆனது. கதவைத் திறந்தால் ஓரங்களில் கருப்பு இழைகள் கண்ணுக்கே தெரியும். தொடக்க மாதிரியின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. எடை குறைந்தால் டயரின் உருளல் தடையும் வேகமெடுக்கச் செலவாகும் மின்சாரமும் குறையும். நின்று நின்று ஓடும் நகரச் சாலையில் இது பலன் தரும். நெடுஞ்சாலையில் மின்சாரத்தை விழுங்குவது காற்றுத்தடை. அதற்கு எடை ஒரு பொருட்டே அல்ல. பிரேக் பிடிக்கையில் மோட்டார் ஆற்றலில் ஒரு பகுதியை மீட்பதால், கனமான காரின் இழப்பும் ஓரளவு ஈடாகிவிடுகிறது. ஐ3 ஓடும் தூரம் பெரிதாகக் கூடியது பேட்டரி 22 கிலோவாட் மணியிலிருந்து 42 ஆனபோதுதான்: அமெரிக்க மதிப்பீட்டில் சுமார் 130 கிலோமீட்டரிலிருந்து 246 கிலோமீட்டர் ஆனது. அப்போது காரின் எடையும் கூடியிருந்தது.