இரும்பு பற்றிய பொன்

விருந்துகளில் நாம் உண்ணும் கோஃப்தாவுக்கும் முகலாயர் காலத்து வாளின் கைப்பிடிக்கும் என்ன உறவு என்று வினவினால் வாசகர்கள் புன்னகைக்கக்கூடும். உறவு சொல்லில் உள்ளது. பாரசீகத்தில் ‘கோஃப்தன்’ என்றால் இடித்தல், அடித்தல் என்று பொருள். இடித்த இறைச்சியால் ஆவது கோஃப்தா. இரும்பின்மீது தங்கக் கம்பியை அடித்துப் பதிக்கும் கலை கோஃப்த்காரி. அரபு மொழியும் அச்சொல்லைத் தன் இலக்கணத்துக்கு இசைவித்து, உலோகத்தில் உலோகம் பதிப்பதைத் ‘தக்ஃபீத்’ என வழங்குகிறது.

இக்கலையில் பசையும் இல்லை; பற்றவைப்பும் இல்லை. கைப்பிடியின் எஃகுப் பரப்பில் கூரிய உளியால் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறுவார்கள். அக்கீறல்களின் விளிம்புகள் நுண்ணிய முட்களைப் போல எழுந்து நிற்கும். மயிரிழை போன்ற தங்கக் கம்பியைக் கொடியாகவும் மலராகவும் அதன்மீது வளைத்து வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். முட்கள் பொன்னைக் கவ்விக்கொள்ளும். பின்னர் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இதனினும் உறுதியான முறை ‘தஹ்நிஷான்’. அடிப்பகுதி அகன்று, வாய் குறுகிய பள்ளம் வெட்டி, தடித்த கம்பியை அதனுள் அடித்து இறுக்குவது அது. பொன்னும் உழைப்பும் மிகுதியாக வேண்டும். ஆயினும் நெடுங்காலம் நிலைக்கும். கோஃப்த்காரியில் பொன் மேற்பரப்பிலேயே தங்குவதால், கைபட்டுத் தேய்ந்தால் உதிர்ந்துவிடும்.

1849இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாள் ஏந்திச் செல்வதற்கு உரிமம் கோரியது. வாளுக்கு வாங்குவோர் அருகியபோது, இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட், குஜ்ராத் நகரங்களின் கைவினைஞர் அதே கம்பியைப் பேழைகளிலும் தட்டுகளிலும் மைக்கூடுகளிலும் பதிக்கலாயினர். வாள் போயிற்று; கை ஓயவில்லை. இராஜஸ்தானத்து உதயப்பூரில் இக்கலை இன்றும் உயிரோடிருக்கிறது.

ஆனால் பழைய கைப்பிடிகளுக்குப் பகை வேறொரு வழியில் வருகிறது. துருவைப் போக்குவதாக எண்ணிச் செங்கல் தூளாலும் உப்புத்தாளாலும் தேய்ப்பவர்கள், துருவோடு பொன்னையும் துடைத்தெறிகிறார்கள். பாட்டன் விட்டுச்சென்ற பொருளைப் பேரன் அன்பினாலேயே அழிக்கிறான்.

எனவே, அருங்காட்சியகத்திலோ உறவினர் இல்லத்திலோ அத்தகைய கைப்பிடியைக் காண நேர்ந்தால், பொன் மின்னும் இடத்தோடு பொன் உதிர்ந்த இடத்தையும் உற்று நோக்குவோமாக. அங்கே குறுக்கும் நெடுக்குமாய்த் தெரியும் கீறல்கள் பழுதல்ல. பெயர் பொறிக்காமல் மறைந்த ஓர் உஸ்தாதின் கையெழுத்து அவை. அவற்றைத் தேய்க்காமல் விடுவதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.