பற்றரி வேண்டாத மணிக்கூடு: குறைந்த விலையில் சுழியோடிக் கடிகாரம் சேகரிப்போருக்கு

அப்பாவின் கைக்கடிகாரம் சீக்கோ 6309. சவூதியில் முதற்சம்பளம் எடுத்து வாங்கியதாகச் சொல்வார். 1990களில் வடக்கு மீதான பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியிருந்தது. செய்தி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை இயக்கிய காலம் அது. அயலில் பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றபோதும் அப்பாவினுடையது ஓடியது. "இதுக்கு ஒண்டும் தேவையில்லை, கை ஆடினாச் சரி" என்பார்.

அந்த ஒன்றிலிருந்துதான் என் சேகரிப்புத் தொடங்கியது. இப்போது ஆறு இருக்கின்றன. எதற்கும் பெரிய விலை கொடுக்கவில்லை. வாங்க விரும்புவோருக்கும், வீட்டில் பழையது ஒன்றை வைத்திருப்போருக்கும் நான் பழகி அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

எப்படி ஓடுகிறது?

ஓட்டோமற்றிக் கடிகாரத்தின் உள்ளே அரைவட்டமான பாரத் தகடு ஒன்று உண்டு. கை அசையும்போது அது சுழன்று சுருள்வில்லை முறுக்கும். வில் மெல்ல விரிகையில் பற்சக்கரங்கள் ஓடும். கழற்றி வைத்தால் பெரும்பாலானவை ஏறத்தாழ 40 மணித்தியாலத்தில் நின்றுவிடும். விலை குறைந்தவை நாளொன்றுக்கு அரை நிமிடம் வரை முந்துவதும் பிந்துவதும் இயல்பு. அதைப் பழுதென்று நினைத்துச் செலவழிக்க வேண்டாம்.

சுழியோடிக் கடிகாரம் எது?

இன்றைய வடிவத்தின் முன்னோடிகள் 1950களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தில் வந்த பிளாங்பானின் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் றோலெக்ஸ் சப்மரீனரும். சீக்கோ தனது முதலாவது சுழியோடிக் கடிகாரத்தை 1965இல் வெளியிட்டது. அது 150 மீற்றருக்கானது. இதற்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 6425. குறைந்தது 100 மீற்றர் ஆழம் தாங்க வேண்டும், இருளில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில.

வெளிவளையம் அழகுக்கானதல்ல. நீரில் இறங்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், உள்ளே இருந்த நேரத்தை வளையத்திலேயே வாசிக்கலாம். அது ஒரு பக்கம் மட்டுமே சுழலும்படி செய்யப்படுகிறது. எங்காவது தட்டுப்பட்டு நகர்ந்தாலும், இருந்த நேரத்தைக் கூட்டியே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதனால் சுழியோடி முந்தி மேலே வருவாரே தவிர, பிந்த மாட்டார்.

சாதாரண கடிகாரத்தில் "30 மீற்றர்" என்றிருந்தால், அவ்வளவு ஆழம் போகலாம் என்பது பொருளல்ல. கைகழுவும்போது தெறிக்கும் நீரையும் மழையையும் தாங்கும், அவ்வளவுதான்.

எவற்றைத் தேடலாம்?

சீக்கோ எஸ்.கே.எக்ஸ். 007: 1996இல் வந்தது, 200 மீற்றர் தாங்கும். இதைக் கையால் முறுக்க முடியாது. உற்பத்தி நின்ற பின் விலை ஏறிவிட்டது. 2019இல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பார்வைக்கு இதைப் போலிருந்தாலும் 100 மீற்றருக்கு மட்டுமே. தோற்றத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஓரியன்ற் மாக்கோ, ரே: 200 மீற்றர். இரண்டாம் தலைமுறையிலிருந்து கையாலும் முறுக்கலாம். முதன்முதலாக வாங்குவோருக்கு நான் சொல்வது இதுதான்.

சிற்றிசன் என்.வை. 0040: 200 மீற்றர். முறுக்கும் குமிழ் இடப்பக்கத்தில், 8 மணிக்கு அருகில் இருப்பதால் மணிக்கட்டில் குத்தாது.

வொஸ்ரொக் அம்ஃபிபியா: 1967 முதல் ரஷ்யாவின் சிஸ்தோப்பல் நகரில் செய்யப்படுவது, 200 மீற்றர். நீரின் அழுத்தம் கூடக்கூடப் பின்மூடி றப்பர் வளையத்தை இன்னும் இறுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். குமிழைத் திருகித் திறந்ததும் அது தளர்ந்து ஆடும். உடைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படித்தான்.

பழையதை வாங்கும்போது

பழைய சீக்கோக்களில் முகப்பு, முட்கள், வளையம் ஆகியன மாற்றப்பட்டவை ஏராளம். முகப்பு புத்தம்புதிதாகவும் உடல் தேய்ந்தும் இருந்தால் சந்தேகியுங்கள். கண்ணாடியின் உள்ளே புகார் படிந்திருந்தால் நீர் போயிருக்கிறது. உப்புநீர் போனதென்றால் இயந்திரம் துருவேறியிருக்கக்கூடும். றப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்யாமல் எந்தப் பழைய கடிகாரத்தோடும் கடலில் இறங்காதீர்கள்.

பராமரிப்பு

கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நீருக்குள் குமிழைத் தொடாதீர்கள். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் திகதியை மாற்றினால் பற்கள் உடையலாம். மிகப் பழைய கடிகாரங்களில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். அவற்றை வீட்டில் திறக்கவே கூடாது.

பின்மூடியைத் தேய்க்காதீர்கள்

அப்பாவின் கடிகாரத்தைத் திருத்தக் கொடுத்தபோது, பின்மூடியைப் பொலிஷ் செய்து புது முகப்பும் போட்டுத் தருவதாகத் திருத்துபவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன்.

அக்காலச் சீக்கோக்களின் பின்மூடியில் ஆறு இலக்கத் தொடரெண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம், கடைசி மூன்று மாதங்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்து வரும். அப்பாவினுடையது 2, 4 என்று தொடங்குகிறது. 6309 வகைச் சுழியோடிக் கடிகாரம் 1976 முதல் 1988 வரையே செய்யப்பட்டது. எனவே அது 1982 ஏப்ரல்.

அவருடைய கடவுச்சீட்டும் சவூதியில் எடுத்த படங்களும் 2009இல் போய்விட்டன. அவர் எந்த ஆண்டு போனார் என்று அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நெடுநாள் தர்க்கம். முதற்சம்பளத்தில் வாங்கியது என்ற பேச்சு உண்மையென்றால், அந்தச் சம்பளம் 1982 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக்கு மிஞ்சிய ஒரே பதிவு அந்த எண்தான். தேய்த்திருந்தால் அதுவும் இல்லை.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் நின்றுபோன மணிக்கூடு ஒன்று கிடக்கலாம். புதியது தேடுவதற்கு முன் அதன் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.