உலைக்களத்தில் கிடக்கும் வண்டிகள்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அங்குப் பாடிய புறநானூற்றுப் பாடலைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் பொலிகின்றன. அதியமானின் வேல்களோ, பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன. ஒன்றைப் புகழ்வது போலப் பழித்து, மற்றொன்றைப் பழிப்பது போலப் புகழ்ந்த அப்பாடலில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பயன்படாத கருவி மினுமினுக்கும்; பயன்படும் கருவி அடிக்கடி பட்டறைக்குப் போகும். கருவியின் பெருமையை அதன் மெருகைக் கொண்டு அளப்பதா, அதன் உழைப்பைக் கொண்டு அளப்பதா என்பதே அங்கு எழும் வினா.

அவ்வினா இன்று சிங்கப்பூரில் வேறொரு பொருளைப் பற்றி எழுந்துள்ளது. அப்பொருள் பழைய மோட்டார் சைக்கிள். அதனைப் பிரித்து, அறுத்து, பற்றவைத்து, உடைந்த உறுப்பைப் புதிதாகக் கடைந்து, தன் கைக்கும் காலுக்கும் ஏற்றவாறு மாற்றி அமைப்போர் அங்கு உண்டு. இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாமா? அதன் வரலாற்றைச் சற்றே நோக்கினால் அவ்வாறு ஒதுக்கத் தோன்றாது.

பஞ்சம் கற்பித்த பாடம்

சிராங்கூன் சாலை வட்டாரம் எஞ்சின் ஒலி கேட்பதற்கு முன்னரே வண்டிகளை அறிந்த இடம். எருமைச் சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்களே அதற்குச் சான்று. கெர்பாவ் என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். மாட்டு வணிகம் அங்குச் செழித்திருந்தது. பெலிலியோஸ் சாலை என்னும் பெயரும் ஒரு மாட்டு வணிகரின் பெயரே. அருகிலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலை 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தை நினைவூட்டுகிறது. மாடும் குதிரையும் இழுத்த வண்டிகளின் காலம் போய் மோட்டாரின் காலம் அவ்விடத்திலும் வந்தது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. மோட்டார் வண்டிகளில் சில, மரக்கரியை எரித்துப் பெற்ற வாயுவால் ஓடின. சைக்கிளின் பக்கத்தில் ஓர் இருக்கையை இணைத்த டிரைஷா பெருகிற்று. முன்னரே அறிமுகமாகியிருந்தும் பரவாத அவ்வூர்தியை வாழ்வின் நெருக்கடி வீதிக்குக் கொண்டுவந்தது. போர் முடிந்தபின், 1947இல், மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவுக்குத் தடை வந்தபோது அதன் இடத்தை டிரைஷாவே நிரப்பிற்று. இருக்கும் பொருளை இல்லாத பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்னும் பாடத்தை அந்நகரம் பஞ்சத்தில் கற்றது.

அப்பாடத்துக்கு ஒரு பள்ளிக்கூடமும் வாய்த்தது. ஜாலான் புசாருக்கு அண்மையில் உள்ள சுங்கை ரோட்டில் 1930களில் தோன்றிய பழம்பொருள் சந்தையே அது. பொருள் வந்த வழியைக் கேளாமல் விற்றமையால் அதற்குத் 'திருட்டுச் சந்தை' என்ற பெயரும் ஏற்பட்டது. போருக்குப் பின் பிரிட்டிஷ் படையினர் கழித்த பொருள்கள் அங்கு வந்து குவிந்தன. பழைய கருவிகள், திருகுகள், கம்பிகள், இயந்திரத் துண்டுகள் ஆகியவற்றைத் தரையில் பரப்பி விற்றனர். ஜாலான் புசார் வட்டாரத்தின் இரும்புக் கடைகளிலும் உதிரிப் பாகக் கடைகளிலும் கிடைக்காததைத் தேடுவோர் சுங்கை ரோட்டுக்கு நடந்தனர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்த அச்சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளுடன் மூடப்பட்டது.

கழிவிலிருந்து எழுந்த ஆலைகள்

போரின் கழிவைப் புது ஊர்தியாக்கும் இவ்வழக்கம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. 1946இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் சோயிச்சிரோ ஹோண்டா என்பவர், படைத்துறை வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிற்றெஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். அவை தீர்ந்தபின் தாமே எஞ்சின் செய்யத் தொடங்கினார். 1948இல் நிறுவனம் தோன்றியது. 1958இல் அது வெளியிட்ட சூப்பர் கப் வண்டி மலாயாத் தோட்டப்புறங்களில் 'கப்சாய்' என்னும் பெயரால் வீட்டுப் பொருளாயிற்று. பட்டறையில் நிகழ்ந்த மாற்றியமைத்தல் ஒன்று பெருந்தொழிலானது இவ்வாறு.

இங்கிலாந்தில் வேறொரு கதை நடந்தது. 1950இல் நார்ட்டன் நிறுவனம் வெளியிட்ட 'ஃபெதர்பெட்' சட்டகம் வளைவுகளில் அசையாது நிற்பதில் பெயர் பெற்றது. 500 சி.சி. பந்தயக் கார்களுக்காக நார்ட்டன் வண்டிகளை வாங்கி எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டோர் சட்டகங்களைக் கைவிட்டனர். அவற்றில் டிரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தினர் இளைஞர். இரண்டு பெயர்களும் சேர்ந்து 'டிரைட்டன்' என்னும் புதுப்பெயர் பிறந்தது. எந்த ஆலையும் செய்து விற்காத வண்டி அது. வீட்டுப் பட்டறையே அதன் ஆலை. 'கஃபே ரேசர்' என்று இன்று வழங்கும் வகை அக்காலத்தில் உருவானதே.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைக் கோத்த அவ்வாலை, பின்னர் உறுப்புகளையும் தானே செய்தது. 1970 அளவில் இங்கிலாந்தில் அந்நிறுவனம் மறைந்தபின்னரும் திருவொற்றியூரில் 'புல்லட்' பிறந்துகொண்டே இருந்தது. தாய்வீடு இடிந்தபின் புகுந்த வீட்டில் குலம் தழைத்த கதை இது. ஒரே வடிவம் நெடுங்காலம் மாறாதிருந்தமையால், பழைய புல்லட்டைப் பழுதுபார்ப்போர்க்கு உறுப்புகள் கிடைப்பதும் எளிதாயிற்று.

மரையின் கணக்கு

மாற்றியமைத்தல் என்பது கண்ணுக்கு அழகு செய்வது மட்டும் என்று கருதுவோர் உளர். உண்மையில் அது கணக்கும் இயற்பியலும் கைத்திறனும் கூடும் இடம்.

ஒரு திருகாணியை எடுத்துக்கொள்வோம். ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1841இல் திருகின் மரைக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுவது அம்முறை. மெட்ரிக் முறையிலோ கோணம் 60 பாகை, அளவு மில்லிமீட்டரில். ஆகவே பழைய ஆங்கில வண்டியின் துளையில் ஜப்பானிய வண்டியின் திருகை முடுக்கினால் முதற்சுற்றில் ஏறுவது போலத் தோன்றும். பிறகு மரை சிதையும். தேர்ந்த கம்மியர் கண்ணால் மயங்காமல் மரையளவியை வைத்துப் பார்ப்பார். பொருந்தும் திருகு கடையில் இல்லையெனில் கடைசல் இயந்திரத்தில் தாமே கடைந்து கொள்வார். ஒருவரை 'மரை கழன்றவர்' என்று கேலி பேசும் வழக்கு நம்மிடம் உண்டு. உண்மையில் மரை கழன்றால் வரும் இடரை ஓடும் வண்டியின் மேல் இருப்பவரே அறிவார்.

அடுத்து விளக்கு. பழைய வண்டிகள் பலவற்றில் இருந்தது 6 வோல்ட்டு மின்னமைப்பு. அதனை 12 வோல்ட்டாக மாற்றுவது வழக்கமான வேலைகளுள் ஒன்று. 30 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும்; 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். மங்கலாக எரிந்த விளக்கு வெளிச்சமாக எரியும். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதும் விதி, பட்டறையில் இரவுப் பயணத்தின் காப்பாகிறது.

பல்சக்கரமும் அவ்வாறே. முன் சக்கரத்தில் 15 பற்களும் பின் சக்கரத்தில் 45 பற்களும் இருந்தால் விகிதம் 3. பின்னதை 42 ஆக்கினால் விகிதம் 2.8. அதே வேகத்தில் எஞ்சின் குறைவாகச் சுழலும். ஆனால் மேட்டில் ஏறும் இழுவை குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும். கைப்பிடியைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்தள்ளினால் காற்றின் தடை குறையும். ஆனால் விளக்குக்கு விளக்கு நிற்கும் நகரச் சாலையில் மணிக்கட்டு வலிக்கும். எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்று ஆய்ந்து துணிவதே இக்கலையின் உயிர்.

தாம்சன் சாலையும் அடுக்குமாடியும்

இத்திறன் பொதுமக்கள் காண அரங்கேறிய இடம் மேல் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை அங்கு நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் கார்களுடன் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை பொதுச்சாலையே. அதன் கொடிய வளைவுகளுள் ஒன்றுக்குப் 'பேய் வளைவு' என்று பொருள்படும் பெயர் இருந்தது. உயிர்கள் பலியாயின. 1973க்குப் பின் அப்பந்தயம் நிறுத்தப்பட்டது.

சாலையில் இடம் குறைந்தது போலவே வீட்டிலும் குறைந்தது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிற்று. கம்பத்து அத்தாப்பு வீட்டின் முற்றத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டவர்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தனர். மின்விசிறியும் குழாய்நீரும் கிடைத்தன, முற்றம் போயிற்று. பொதுநடையில் தீக்காப்புக்காக 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது விதி. ஆகவே வீட்டுப் பட்டறை சமையலறை மேசைக்குச் சுருங்கிற்று. பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கார்புரேட்டரைப் பிரித்துத் துடைப்பதே பலருக்கு வாய்த்த பட்டறை. பெரிய வேலைகளுக்குத் தொழிற்பேட்டைகளை நாட வேண்டியதாயிற்று.

சட்டமும் காற்றும்

1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுக்கு மட்டும் உரிமை தரும் அச்சான்றிதழின் விலை, மோட்டார் சைக்கிளுக்கு 2022இல் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டிற்று. வண்டியை மாற்றியமைப்பதற்கும் வரம்புகள் உண்டு. சில மாற்றங்களுக்கு ஒப்புதல் வேண்டியதில்லை; சிலவற்றுக்குத் தரைப் போக்குவரத்து ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும்; சில அறவே கூடாதவை.

2018 ஏப்ரலில் வந்த அறிவிப்பே பெரிது. 2003 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30ஆம் நாளுக்குப் பின் சிங்கப்பூர்ச் சாலையில் அன்றாடம் ஓட இயலா. முன்கூட்டியே பதிவை நீக்கியோர்க்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை வழங்கவும் ஏற்பாடாயிற்று. 35 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொன்மை ஊர்தித் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாட்களே ஓட்டலாம்.

இஃது அநீதி என்று உடனே தீர்ப்புக் கூறுதல் தகாது. பழைய இருவீச்சு எஞ்சின் பெட்ரோலுடன் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும், நீலப்புகை கக்கும். அப்புகையை அடுக்குமாடியில் வாழும் குழந்தையும் நெருங்கிய வீதியில் நடக்கும் முதியவரும் சேர்ந்தே மூச்சில் வாங்குகின்றனர். புகைபோக்கியைக் குடைந்து பேரொலி எழுப்புவோரை அண்டை வீட்டார் நொந்துகொள்வதும் முறையே. தன் கைத்திறனைக் காட்டப் பிறர் உறக்கத்தைக் கெடுப்பது திறனாகாது.

ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. சாலையிலிருந்து நீங்கப்போவது வண்டி மட்டுமா? மரையை விரலால் உணர்ந்து அளவு சொல்பவர், எஞ்சினின் ஒலியைக் கேட்டே வால்வின் இடைவெளியை அறிபவர், கைவிட்ட துண்டிலிருந்து புதிய உறுப்பைச் செய்பவர் ஆகியோரின் அறிவும் அவ்வண்டியோடு நீங்கும். அவ்வறிவு பெரிதும் ஏட்டில் எழுதப்படாதது. கையிலிருந்து கைக்குச் செல்வது. பழுதுபார்ப்பதற்கு வண்டி இல்லையெனில் கற்பிப்பதற்கு வாய்ப்பும் இல்லை. ஆண்டுக்கு 45 நாள் மட்டும் வெளியே வரும் வண்டி, மயிற்பீலி சூட்டிய தொண்டைமானின் வேலாகிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. உலகின் சில நாடுகளில் பழைய வண்டியின் சட்டகத்தில் மின்மோட்டாரையும் மின்கலத்தையும் பொருத்திப் பார்க்கின்றனர். புகை நீங்கும்; கைவேலை நிற்கும். சாலையில் ஓடாத எஞ்சினும் பயிற்சிக்கூடத்தில் ஆசானாக இருக்கலாம். விகிதமும் மின்னோட்டமும் கரும்பலகையில் விளங்காத மாணவனுக்கு, பிரித்து வைத்த ஒரு பழைய எஞ்சின் விளங்கவைக்கும். தேர்வில் பின்தங்கிய மாணவனைக் 'கைத்தொழிலுக்கு அனுப்பு' என்று இழிவாகக் கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அவ்வாறு கூறுவோர் ஒரு மரையை அளந்து பார்த்தல் நலம்.

அதே ஔவையார் அதியமானின் வலிமையைச் சொல்ல வேறொரு பாடலில் தேடிய உவமை, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம். வேந்தனின் பெருமைக்கு ஒரு தொழிலாளியின் பொறுமையை அளவுகோலாக வைத்த மரபு தமிழருடையது. அப்பொறுமை கொண்ட கைகள் சிங்கப்பூரில் இன்னும் சில உள்ளன. 2028 ஜூன் திங்களுக்குள் அக்கைகள் யாருக்கேனும் தம் தொழிலைக் கற்பித்துவிட்டால், வண்டி நின்றாலும் சக்கரம் நில்லாது.