மாணவர் எழுத்து மேடையேறிய வரலாறு

பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் தலைவர்களைப் பற்றியும் பணிகளைப் பற்றியும் பெரியவர்கள் எழுதுவார்கள். கோலா கெடாவில் வியாபாரம் செய்துவரும் நான், நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் வேறொரு வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். மாணவர்கள் தாங்களே எழுதிய கவிதையையும் கதையையும் சபை நடுவே வாசித்த வரலாறு அது.

அந்தக் காலத்தில் ஒரு நூலை எழுதி முடித்தால் மட்டும் போதாது. அறிந்தோர் அவையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும். அதை அரங்கேற்றம் என்றார்கள். ஏறத்தாழ 5,000 பாடல்கள் கொண்ட உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அப்படி அரங்கேறியதே. அதை எழுதத் துணைநின்ற வள்ளல் சீதக்காதி, கடல் வணிகர். புலவர் எழுத, வணிகர் ஆதரிக்க, சபை கேட்டது. நம் சமுதாயத்துக்கு இது பழகிய வழி.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் பினாங்கிலேயே 1880-களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். ஆனால் அந்நாளில் எழுத்தும் அரங்கமும் கற்றறிந்த புலவர்களுக்கே உரியவை. தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

அந்த நிலை மாறியது 1950-களில். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தி, சாதாரண வாசகர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழில் கோ. சாரங்கபாணி ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் திறந்துவிட்டார். மாணவர் எழுதியது அச்சில் வந்தது. பிறகு அதே பெயரில் ஊர் ஊராக மன்றங்கள் எழுந்தன. ‘தமிழ் இளைஞர் மணிமன்றம்’ அந்த வழியில் வளர்ந்ததுதான். பத்திரிகை எழுத வைத்தது. மன்றம் மேடை கொடுத்தது. எழுத்து வாசனை இல்லாத தாய் தகப்பனும் தங்கள் பிள்ளை எழுதியதைக் காதால் கேட்க முடிந்தது அந்த மேடையால்தான்.

சாரங்கபாணி அத்தோடு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். உழைக்கும் மக்கள் தங்களால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956-இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ்ப் பேரவை 1980-களிலிருந்து சிறுகதைப் போட்டி நடத்தி, ‘பேரவைக் கதைகள்’ என்ற தொகுப்புகளை வெளியிட்டு வருகிறது. அன்று விதைத்தவர்கள் வேறு, அறுத்தவர்கள் வேறு.

நம் கெடா மாநிலமும் இதில் பின்தங்கவில்லை. லூனாஸில் வளர்ந்த ம. நவீன், சுங்கை பட்டாணியின் கோ. புண்ணியவான், கே. பாலமுருகன் ஆகியோர் நாடறிந்த எழுத்தாளர்கள். பினாங்கில் வாழ்ந்த இறையருட் கவிஞர் செ. சீனி நைனா முகம்மது ‘உங்கள் குரல்’ இதழை நடத்தி, தொல்காப்பியத்தையும் எளிய மக்களுக்குக் கற்பித்தார். 2014-இல் மறைந்த அவர் நம்மவர் என்பது நமக்குப் பெருமை.

பெருமை பேசினால் போதுமா? இன்று நம் வீடுகளில் நன்னா தமிழில் கேட்கிறார், பேரன் மலாயில் பதில் சொல்கிறான். மலாய் நமக்கு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் தமிழ் காதுக்கு மட்டும் என்று நின்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுவும் இருக்காது.

பேச்சுப் போட்டிகள் பல இடங்களிலும் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் பெரியவர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனனம் செய்து ஒப்பிக்கிறது. மணிமன்றம் காட்டிய வழி வேறு: பிழையோடு இருந்தாலும் சொந்தமாக எழுது, அதை எழுந்து நின்று வாசி. கடையைப் பற்றி, படகுத் துறையைப் பற்றி, உம்மாவின் சமையலைப் பற்றி எதையும் எழுதலாம்.

ஆண்டுக்கு ஒரு மாலை, பத்து மாணவர்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒரு மண்டபம், ஒரு மைக், வந்தவர்களுக்குத் தேநீர். வியாபாரி கணக்குப்படி இது பெரிய செலவே இல்லை. சீதக்காதி வழிவந்த வணிகர்கள் நாம். 51-ஆம் ஆண்டை அப்படியொரு மாலையோடு தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.