கிரய உடன்படிக்கை

கிரய உடன்படிக்கை அல்லது விற்பனை ஒப்பந்தம் என்பது வீடு, மனை, நிலம் முதலிய அசையாச் சொத்தைக் குறித்த விலைக்கு, குறித்த காலத்திற்குள் விற்கவும் வாங்கவும் இரு தரப்பினர் செய்துகொள்ளும் உடன்பாடு ஆகும். பேச்சு வழக்கில் இது அக்ரிமெண்ட் எனப்படுகிறது. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் பற்றியது.

விளம்பரம் இன்றி, உறவினர் அல்லது தரகர் மூலம் பேசி முடிக்கப்படும் விற்பனைகளில் இவ்வாவணம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. சொத்து விலைக்கு வந்ததே பிறருக்குத் தெரியாத நிலையில், முன்பணம் கொடுத்தவர் ஒருவர் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது.

சட்ட நிலை

உடன்படிக்கை, கிரயப் பத்திரம் அன்று. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 54-ஆம் பிரிவின்படி, அது மட்டும் சொத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்குவதில்லை. முழுத் தொகையையும் கொடுத்து, உடன்படிக்கையும் பொது அதிகார ஆவணமும் (பவர்) மட்டும் பெற்றுக்கொள்வோர் இதை அறிதல் நலம். இம்முறையில் உரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது.

வாங்குபவருக்குக் கிடைப்பது, விற்பவர் மறுத்தால் ஏற்றதை ஆற்றக் கோரி வழக்குத் தொடரும் உரிமையே. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் இப்பரிகாரத்தை வழங்குவது நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இருந்தது. திருத்தம் அவ்விருப்புரிமையை நீக்கியது. எனினும், மீதித் தொகையைச் செலுத்தத் தாம் எப்போதும் ஆயத்தமாகவும் விருப்பத்துடனும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும். பல வழக்குகள் தோற்பது இவ்விடத்தில்தான். கிரயத்திற்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்நாளிலிருந்தும், குறிக்கப்படாவிடில் மறுப்பு தெரியவந்த நாளிலிருந்தும் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

பதிவு

உடன்படிக்கையை அறியாமல், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபருக்கு எதிராக இவ்வுரிமை செல்லாது. பதிவு செய்யப்பட்ட உடன்படிக்கையோ வில்லங்கச் சான்றில் தோன்றும். பின்னர் வாங்குபவர் அதை அறிந்தவராகவே கருதப்படுவார். தமிழ்நாட்டில் 2012 திசம்பர் 1 முதல், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து பற்றிய கிரய உடன்படிக்கைகளைப் பதிவு செய்வது கட்டாயமாகும். பதிவு செய்யப்படாதது அடியோடு பயனற்றதன்று. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியது. ஆனால் மூன்றாம் நபரிடமிருந்து அது காப்பதில்லை.

பதிவு விற்பவரையும் கட்டுப்படுத்துகிறது. பேச்சு முறிந்தால், ரத்து ஆவணம் பதிவாகும் வரை வில்லங்கச் சான்றில் அப்பதிவு நின்று, வேறொருவருக்கு விற்பதைக் கடினமாக்கும்.

உள்ளடக்கம்

தரப்பினர் விவரம், சர்வே எண், நான்கெல்லை, விலை, முன்பணம், கிரயம் முடிக்கும் நாள் ஆகியன இடம்பெறும். முன்பணம் திரும்பும் அல்லது இழக்கப்படும் சூழல்களையும் எழுதுவது வழக்கம். தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். உரிமையாளர் இறந்திருப்பின் வாரிசுகள் அனைவரும் ஒப்பமிடுதல் அவசியம். வெளியூரில் வாழும் மகளை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. 2015 சூன் முதல் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உள்ளது.